பார்வை மங்கிய அப்பா, குடியில் தவித்த தம்பி, நாவல் எழுதிய அக்கா... ஹாவர்த் வீட்டில் நடந்தது என்ன?

பெரிய பங்களா, அங்கே வேலைக்கு வரும் இளம் ஆசிரியை, கடுகடுவென்று இருக்கும் முதலாளி, அவர் மறைத்து வைத்திருக்கும் ஒரு ரகசியம். ‘ஜேன் ஐர்’ நாவலைப் படிக்காதவர்களுக்கும் இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 1969-ல் ஜெமினி கணேசன், காஞ்சனா நடிச்ச ‘சாந்தி நிலையம்’ படத்தில்கூட இந்த நாவலின் சாயல் உண்டு.

நாவலை எழுதிய சார்லட் பிராண்டே இறந்து 170 வருஷம் ஆகிடுச்சு. இன்னிக்கும் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே மாதிரி சோகப் படம்தான் மனசுல வரும். காற்று ஊளையிடும் பொட்டல் மேடு, கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கல் வீடு, சிரிப்பே தெரியாத கொடுமைக்கார அப்பா, குடிச்சே அழிஞ்ச தம்பி, நடுவில் வாடி வதங்கிய மூன்று சகோதரிகள்.

இந்தப் படத்தை வரைந்தது ஒரே ஒரு புத்தகம். அதை எழுதியவர் சார்லட்டின் எதிரி கிடையாது. அவர்மேல உயிரையே வெச்சிருந்த தோழி. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம். முதலில் அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வரலாம்.

12 மரப் பொம்மைகள்

அப்பா பெயர் பேட்ரிக். அயர்லாந்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் 10 பிள்ளைகளில் மூத்தவர். தானே படிச்சு, 16 வயசிலேயே பள்ளிக்கூடம் நடத்தி, அப்புறம் கேம்பிரிட்ஜ் வரைக்கும் போய்ப் பாதிரியார் ஆனவர். 1820-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில், ஹாவர்த் என்ற மலையோர ஊருக்கு மனைவி, 6 குழந்தைகளோடு குடிவந்தார். அடுத்த வருஷமே மனைவி இறந்துட்டார். மனைவியின் அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கிட்டார். 1825-ல், விடுதிப் பள்ளியில் உடம்பு கெட்டுத் திரும்பிவந்த மூத்த மகள்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒருத்திக்கு 11 வயசு, இன்னொருத்திக்கு 10.

மிச்சம் நாலு பேர். 1816-ல் பிறந்த சார்லட், 1817-ல் பிறந்த பிரான்வெல், எமிலி, கடைக்குட்டி ஆன். திடீர்னு வீட்டுக்கு மூத்த பிள்ளை ஆன சார்லட்டுக்கு வயசு 9.

அடுத்த வருஷம் ஜூன் மாசம், லீட்ஸ் போயிருந்த அப்பா மகனுக்காக 12 மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கிட்டு வந்தார். மறுநாள் காலையில் நாலு பேரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பேர் வெச்சாங்க. பொம்மைகளுக்கு ஒரு நாடு, அந்த நாட்டுக்கு ஒரு சரித்திரம், அந்தச் சரித்திரத்தை எழுத உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகங்கள், அதில் எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. விளையாட்டாக ஆரம்பிச்சது வருஷக்கணக்கில் ஓடியது. ‘ஆங்கிரியா’ என்ற கற்பனை சாம்ராஜ்யத்தை சார்லட்டும் பிரான்வெல்லும் சேர்ந்தே கட்டினார்கள். இவர் ஒரு போர் எழுதினால் அவர் ஒரு காதல் எழுதுவார். நாவலாசிரியர் சார்லட்டின் முதல் கோ-ரைட்டர் தம்பிதான். அச்சில் முதலில் கவிதை வந்ததும் தம்பிக்குத்தான். 1841-லேயே உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துடுச்சு.

அப்பா அந்தக் காலத்துக்கு விசித்திரமான மனுஷர்தான். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைப் படிச்சாலும் தடுக்கலை. பொண்ணுங்களுக்கும் அதே சுதந்திரம். நாளிதழ் வந்தால் குழந்தைகளோடு அரசியல் பேசுவார். ஊருக்குக் குடிதண்ணீர் சரியில்லைன்னு மேலிடத்துக்கு மனு மேல் மனு போட்டவரும் இவர்தான். அதனால் 1850-ல் ஓர் அரசு ஆய்வாளர் ஹாவர்த்துக்கு வந்து பார்த்தார். அங்கே சராசரி மரண வயது 26-ஐக்கூட எட்டலை. பிள்ளைகளைத் தொடர்ந்து பறிகொடுத்தது அந்த வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. அந்த ஊரே அப்படித்தான் இருந்தது.

மருந்து வாசனையும் ஊர் வாயும்

1840-களில் அப்பாவின் கண் மங்க ஆரம்பிச்சது. இரண்டு கண்ணிலும் புரை. 1843-ல் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. பாதிரியார் பக்கத்தில் போனா ஒரு மாதிரி வாசனை அடிக்குதாம், ஐயா குடிக்கிறாராம். விஷயம் அவர் காதுக்கு வந்தது. கண்ணுக்குப் போடும் மருந்துத் தண்ணியின் வாசனையைத்தான் ஜனங்க அப்படி நினைச்சுக்கிட்டாங்கன்னு அவரே கைப்பட ஒருத்தருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. தடுமாறி நடக்கிறார், மேலே மருந்து நெடி அடிக்குது. ஊருக்கு அது போதும்.

சார்லட் அப்போ பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரப் பள்ளியில் ஆசிரியை. 1844 ஜனவரியில் வேலையை விட்டுட்டு வீடு திரும்பினார். அப்பாவின் கண் அதற்கு ஒரு காரணம். அவரைத் தனியா விடக் கூடாது, சம்பாதிக்கவும் வேண்டும். வீட்டிலேயே சின்னதா ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம்னு சகோதரிகள் நோட்டீஸ் அச்சடிச்சாங்க. தங்கிப் படிக்க வருஷத்துக்கு 35 பவுண்டு ஃபீஸ். ஒரு பிள்ளைகூட சேரலை.

இந்த இடத்தில் ‘பாவம், குருட்டு அப்பா வீட்டுக்குச் சுமையாயிட்டார்’னு எழுதிவிடுவது ரொம்ப ஈஸி. ஆனா நடந்தது வேற. வாசிக்க முடியலைன்னாலும் பேட்ரிக் பிரசங்கத்தை விடலை. கையைப் பிடிச்சு மேடையில் ஏற்றிவிடுவார்கள். கடிகாரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் எப்பவும்போல அரை மணி நேரம் பேசிட்டு நிறுத்துவாராம். மிச்ச வேலையை ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்ற உதவிப் பாதிரியார் பார்த்துக்கிட்டார். வீட்டில் மகள்கள் வாசிச்சுக் காட்டினார்கள். கண் தெரியாத ஒருத்தரோடு ஒரு வீடு எப்படி நடக்குமோ, அப்படி நடந்தது.

1846 ஆகஸ்ட்டில் சார்லட்டும் எமிலியும் முதலில் மான்செஸ்டர் போய் ஒரு கண் மருத்துவரைத் தேடிப் பிடிச்சாங்க. பெயர் வில்லியம் ஜேம்ஸ் வில்சன். அப்புறம் சார்லட் அப்பாவைக் கூட்டிட்டுப் போனார். ஆகஸ்ட் 25 அன்று ஆபரேஷன். அப்பாவுக்கு அப்போ 69 வயசு. மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்யலாம் என்பதை அமெரிக்காவின் பாஸ்டனில் உலகத்துக்குக் காட்டியதே அதற்கு 7 வாரம் கழித்துத்தான்! கண்ணில் பெல்லடோனா சொட்டு விட்டுப் பாப்பாவை விரிய வெச்சு, முழு நினைவோடு இருந்தவரின் லென்ஸை வெளியே எடுத்தார்கள். 15 நிமிஷம். அப்பா ஆசைப்பட்டதால் சார்லட்டும் அதே அறையில் சத்தம் காட்டாமல் இருந்தார். கிருமி தாக்கினால் இரண்டும் போயிடக் கூடாதுன்னு ஒரு கண்ணில் மட்டும்தான் ஆபரேஷன்.

பேட்ரிக் பின்னாடி செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் வைத்திருந்த மருத்துவப் புத்தகத்தின் ஓரத்தில் எல்லாத்தையும் குறிச்சு வெச்சார். எத்தனை நிமிஷம் ஆச்சு, எரிச்சல் எப்படி இருந்தது, தாங்க முடிஞ்சதா, வீக்கம் வராமல் இருக்க அட்டை விட்டு ரத்தம் எடுத்தது வரைக்கும். தன் உடம்பைப் பற்றிய ரிப்போர்ட்டை வேறு யாரும் எழுதக் காத்திருக்கலை, தானே எழுதிட்டார்.

ஆபரேஷன் முடிஞ்சு இருட்டு அறையில் அப்பா அசையாமல் படுக்கணும். பக்கத்தில் ஒரு நர்ஸ். வாடகை வீட்டில் சார்லட்டுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. போதாக்குறைக்குப் பல்வலி. அந்த வருஷம் மூன்று சகோதரிகளும் சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம் இரண்டே பிரதி விற்றிருந்தது. ஆபரேஷன் நடந்த அன்றே, பதிப்பாளருக்கு அனுப்பியிருந்த அவருடைய முதல் நாவல் வேண்டாம்னு திரும்பி வந்துடுச்சு. அந்த அறையில் உட்கார்ந்துதான் சார்லட் ‘ஜேன் ஐர்’ எழுத ஆரம்பிச்சார்.

நாவலின் முடிவில் கதாநாயகன் ராச்செஸ்டர் பார்வையை இழப்பார். ஜேன் அவர் கைபிடிச்சு நடப்பாள், வாசிச்சுக் காட்டுவாள். அப்புறம் ஒரு கண்ணில் மட்டும் பார்வை திரும்பும். அது பரிதாபக் காட்சியாக இருக்காது. இரண்டு பேரும் அதற்குப் பிறகுதான் சரிசமமாகப் பேசிக்கொள்வார்கள். பேட்ரிக் நவம்பர் வாக்கில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளைத் திரும்பவும் தானே நடத்த ஆரம்பிச்சுட்டார்.

‘அவன்’ ஆகிப்போன தம்பி

இனி பிரான்வெல். நம்ம மொழியிலேயே ஒரு பழக்கம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? ஒருத்தர் குடிக்கிறார்னு தெரிஞ்சதும் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்துடும். அவருக்கு இருந்த மற்ற பேரெல்லாம் அழிஞ்சு ‘குடிகாரன்’ மட்டும் மிஞ்சும். பிரான்வெல்லுக்கு இங்கிலீஷில் நடந்ததும் அதுதான். இந்தக் கட்டுரையில் அவர் ‘அவர்’தான்.

ஓவியம் வரைவார். இடது கை, வலது கை இரண்டாலும் எழுதுவாராம். கிரேக்கம், லத்தீன் தெரியும். ஒரே ஆண் பிள்ளை. வீடு அவர்மேல் வைத்த நம்பிக்கை பெரிசு. ஓவியக் கலைஞராக முயற்சி பண்ணினார், ஓடலை. ரயில்வேயில் கிளார்க் ஆனார். அவர் பொறுப்பில் இருந்த ஸ்டேஷன் கணக்கில் 11 பவுண்டு சொச்சம் குறைஞ்சதால் 1842-ல் வேலை போச்சு. அப்புறம் தார்ப் கிரீன் என்ற ஊரில் ராபின்சன் என்ற பணக்காரக் குடும்பத்தில் வீட்டு ஆசிரியர் வேலை. தங்கை ஆன் ஏற்கெனவே அங்கேதான் வேலை பார்த்தார். 1845 ஜூலையில் அந்த வேலையும் போனது. அந்த வீட்டு எஜமானியோடு காதல் என்று பிரான்வெல் சொல்லிக்கிட்டு இருந்தார். அடுத்த வருஷம் எஜமானியின் கணவர் இறந்த பிறகும் அவங்க இவரைத் தேடி வரலை.

அதற்குப் பிறகு குடி கூடியது, அபினும் சேர்ந்தது. அபின்னு சொன்னதும் இருட்டுச் சந்தில் யாரோ பொட்டலம் விற்பதாக நினைச்சுடாதீங்க. அன்னிக்கு இங்கிலாந்தில் அபின் சட்டப்படி கடையில் கிடைத்தது. மருந்துக்கடையில் சில்லறையை நீட்டினால் போதும். இருமலுக்கும் வயிற்றுவலிக்கும், குழந்தை அழுதால் தூங்கவைக்கவும்கூட கொடுத்தார்கள். யார் வேணும்னாலும் விற்கலாம் என்ற நிலைமையைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினது 1868-ல்தான். வேலை இல்லை, காதல் இல்லை, மனசு முழுக்க தோல்வி, கைக்கெட்டும் தூரத்தில் மலிவான அபின். இதையெல்லாம் சொல்லாமல் ‘நல்ல வீட்டில் பிறந்த கெட்ட பிள்ளை’ன்னு எழுதுவது பாதிக் கதைதான்.

வீட்டில் ஒவ்வொருத்தரும் இதை ஒவ்வொரு விதமா எதிர்கொண்டார்கள். எனக்கு இந்தக் குடும்பத்தில் முக்கியமாகப் படுவது இதுதான்.

அப்பா மகனைத் தன் அறையிலேயே படுக்கவைத்துக்கொண்டார். 70 வயசைத் தொடும் மனுஷர், ஒரு கண் இப்போதான் திரும்பக் கிடைச்சிருக்கு, ராத்திரி முழுக்க மகனைப் பார்த்துக்கொண்டார். 1846 டிசம்பரில் கடனைக் கட்டு, இல்லைன்னா யார்க் சிறைக்கு வான்னு அதிகாரி வாசலில் வந்து நின்னப்போ குடும்பம் பணத்தைக் கட்டியது.

சார்லட்டால் அப்படி இருக்க முடியலை. தம்பி வீட்டில் இருக்கும்வரை உன்னை இங்கே கூப்பிட முடியாதுன்னு நெருங்கிய தோழிக்குக் கடிதம் எழுதினார். ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிட முடியாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அவர் கோபம் கடுமையாகவே இருந்தது. ஆங்கிரியாவைச் சேர்ந்து கட்டின ஆள் கண்ணெதிரே கரைவதைப் பார்க்கிற கோபம் அது. அதற்காக சார்லட்டைக் கல்நெஞ்சக்காரின்னு சொல்லவும் வேண்டாம், எல்லாத்தையும் பொறுத்துக்கொண்ட தெய்வம்னு தூக்கவும் வேண்டாம்.

ஆன் வேற வழி எடுத்தார். 1848 ஜூனில் வெளிவந்த அவருடைய இரண்டாவது நாவலில் குடிக்கும் கணவன், மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறும் மனைவி. கல்யாணமான பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லாத காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. குடி ஒரு வீட்டை நாளுக்கு நாள் என்ன செய்யும்னு பூசி மெழுகாமல் எழுதினார். சார்லட்டுக்கு அது பிடிக்கலை. தங்கை இறந்த பிறகு, அவள் எடுத்துக்கொண்ட விஷயமே தவறுன்னு அச்சிலேயே எழுதினார். 1850-ல் தங்கைகளைப் பற்றி அவர் எழுதிய அந்தக் குறிப்பில் தம்பியின் பெயர் இல்லை. சார்லட்டை எவ்வளவு பிடிச்சாலும், இந்த விஷயத்தில் நான் ஆன் பக்கம்தான்.

சார்லட்டின் பேனாவும் சறுக்கியிருக்கு. ‘ஜேன் ஐர்’ நாவலில் மாடியில் பூட்டிவைக்கப்பட்ட பெர்த்தாவை ஞாபகம் இருக்கா? மனநோய் அவள் பரம்பரையிலேயே ஓடுது, அம்மா பைத்தியம், கூடவே குடி என்று ராச்செஸ்டர் வாயால் ஒரு குடும்பத்துக்கே முத்திரை குத்தியிருப்பார் சார்லட். பெர்த்தாவுக்குத் தன் கதையைச் சொல்ல ஒரு பக்கம்கூட கிடைக்காது. ஆனா நாவல் வெளியாகி மூன்று மாசத்துக்குள் பதிப்பகத்து நண்பருக்கு எழுதின கடிதத்தில், அந்த இடத்தில் இரக்கம்தான் மேலோங்கியிருக்கணும், நான் பயங்கரத்தைக் கூட்டிட்டேன்னு ஒப்புக்கொண்டார். ஜேன் ஐர் லண்டனையே கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பாராட்டு மழைக்கு நடுவில் இப்படி எழுத ஒரு மனசு வேணும்.

எட்டு மாதங்கள்

1848 செப்டம்பர் 24. பிரான்வெல் 31 வயசில் அப்பாவின் கைகளில் இறந்தார். குடியால் செத்தார்னு ஒரே வரியில் சொல்லிடுவாங்க. ஆனா நெஞ்சு நோய் முற்றியிருந்தது. அதே டிசம்பரில் எமிலி, 1849 மே மாசம் ஆன், இரண்டு பேரும் காசநோயில் போனார்கள். எட்டு மாசத்தில் மூன்று பேர்.

தம்பி இறந்த சில நாளில் சார்லட் ஒரு விஷயத்தைக் கடிதத்தில் எழுதினார். சகோதரிகள் புத்தகம் எழுதினதோ, அது அச்சில் வந்ததோ கடைசிவரை அவருக்குத் தெரியாது. சொன்னால் தன் தோல்வியை நினைச்சு நொந்துடுவார்னு மறைச்சுட்டாங்க. முதல் கோ-ரைட்டருக்கு ‘ஜேன் ஐர்’ பற்றித் தெரியாது.

அப்புறம் வீட்டில் சார்லட்டும் அப்பாவும் மட்டும். புகழ் வந்தது, லண்டன் விருந்துகள் வந்தன. உதவிப் பாதிரியார் நிக்கல்ஸ் பெண் கேட்டப்போ அப்பா குதிகுதியென்று குதிச்சார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுபறி. அப்பாவைத் தனியா விட மாட்டோம், இதே வீட்டில்தான் இருப்போம் என்ற முடிவோடு 1854 ஜூனில் கல்யாணம். அன்னிக்குக் காலையில் கோயிலுக்கு வர மாட்டேன்னு அப்பா வீட்டிலேயே இருந்துட்டார். பிடிவாதக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஒன்பது மாசத்தில், 1855 மார்ச் 31 அன்று, கர்ப்பிணியாக இருந்த சார்லட் இறந்தார். வயசு 38.

தோழி எழுதிய புத்தகம்

சார்லட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் கண்டபடி எழுத ஆரம்பிச்சாங்க. உண்மையைச் சொல்லும் ஒரு வாழ்க்கை வரலாறு வேணும்னு பேட்ரிக், மகளின் தோழியும் நாவலாசிரியருமான எலிசபெத் கேஸ்கலைக் கேட்டுக்கொண்டார். 1857 மார்ச்சில் இரண்டு பாகமாகப் புத்தகம் வந்தது. விறுவிறுப்பான எழுத்து, இன்னிக்கும் கீழே வைக்க முடியாது. பிரச்னையும் அங்கேதான்.

நாவல்களில் சார்லட் பெண்ணுக்கு அடுக்காத விஷயங்களை எழுதுகிறார்னு அப்போ விமர்சனம் இருந்தது. தோழியைக் காப்பாற்றணும். எப்படி? அவள் நல்லவள், வீடுதான் அப்படின்னு சொல்லிடலாம். அதற்கு வில்லன்கள் வேணும். அப்பா ஒரு வில்லன் ஆனார். குழந்தைகளின் கலர் பூட்ஸை நெருப்பில் போட்டார், மனைவியின் பட்டு கவுனைக் கிழிச்சார், நாற்காலி முதுகை ரம்பத்தால் அறுத்தார், கோபம் வந்தால் கொல்லை வாசலில் நின்று துப்பாக்கியால் சுட்டார், பிள்ளைகளுக்கு இறைச்சி தராமல் உருளைக்கிழங்கு மட்டும் போட்டார். இதில் பல கதைகள், மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்து வேலையைவிட்டு அனுப்பப்பட்ட ஒரு செவிலி மூலமாகச் சுற்றிச் சுற்றி வந்தவை.

துப்பாக்கி உண்மைதான். 1812-ல் நெசவு இயந்திரங்களை உடைக்கும் கலவரம் நடந்தபோது அந்தப் பகுதியில் இருந்தவர் அவர். அதிலிருந்து ராத்திரி துப்பாக்கியில் குண்டு போட்டு வைக்கும் பழக்கம். குண்டை வெளியே எடுக்க ஒரே வழி காலையில் சுடுவதுதான். கோபமும் இல்லை ஒண்ணும் இல்லை. இறைச்சி விஷயம்? 1834-ல் எமிலியும் ஆனும் சேர்ந்து எழுதின நாட்குறிப்புத் தாள் ஒன்று இருக்கு. அன்றைய சாப்பாடு வேகவைத்த மாட்டிறைச்சி, டர்னிப், உருளைக்கிழங்கு, ஆப்பிள் புட்டிங்!

பிரான்வெல்லுக்கு இன்னும் மோசம். ஒரு பணக்காரப் பெண் மயக்கினாள், பையன் கெட்டான், அவனால் சகோதரிகள் வாழ்க்கை இருண்டது. இப்படி முடிச்சுட்டார் கேஸ்கல். அந்தப் பெண்மணி உயிரோடுதான் இருந்தார், மறுமணம் செய்து லேடி ஸ்காட் ஆகியிருந்தார். வக்கீல் நோட்டீஸ் பறந்தது. புத்தகம் வெளியானப்போ இத்தாலியில் இருந்த கேஸ்கல் ஊர் திரும்பும் முன்பே அவர் தரப்பு பணிஞ்சு, 1857 மே 30 அன்று ‘டைம்ஸ்’ நாளிதழில் மறுப்பு வெளியிட்டது. விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். திருத்திய மூன்றாம் பதிப்பு வந்தது. லேடி ஸ்காட்டுக்கு வக்கீல் இருந்தார். இறந்துபோன பிரான்வெல்லுக்குப் பேச யாரும் இல்லை.

கேஸ்கல் கெட்ட எண்ணத்தில் எழுதலை. அதுதான் சங்கடம். சார்லட்மேல் நமக்கு இரக்கம் வரணும்னு சுற்றி இருந்த எல்லோரையும் இருட்டடிச்சுட்டார். ஹாவர்த்தில் எத்தனையோ வீடுகளில் இருந்த வறுமை, நோய், அபின், குடி எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் வியாதி மாதிரி ஆயிடுச்சு. 1994-ல் ஆய்வாளர் ஜூலியட் பார்க்கர், கடிதங்களையும் உள்ளூர்ப் பத்திரிகைகளையும் தோண்டியெடுத்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய பிறகுதான் அப்பாவுக்கும் தம்பிக்கும் மனுஷ முகம் திரும்பக் கிடைச்சது.

முகம்னு சொன்னதும் ஒரு ஓவியம் ஞாபகம் வருது. பிரான்வெல் 17 வயசு வாக்கில் அக்கா, தங்கைகளை வரைஞ்சார். நடுவில் தன்னையும் வரைஞ்சு, அப்புறம் அதன்மேல் ஒரு தூணை வரைஞ்சு மறைச்சுட்டார். மடிச்சுப் போட்டிருந்த அந்தப் படம் 1914-ல் நிக்கல்ஸின் அயர்லாந்து வீட்டில், ஓர் அலமாரி மேல் கிடைத்தது. இப்போ லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கு. வருஷம் ஆக ஆக மேல்பூச்சு மங்கி, தூணுக்குள்ளிருந்து அவர் உருவம் லேசாகத் தெரிய ஆரம்பிச்சிருக்கு.

புத்தகத்தைப் படிச்ச பேட்ரிக் என்ன செய்தார்? 80 வயசு. வக்கீல் வைக்கலை. புத்தகம் நல்லா இருக்கு, என்னைப் பற்றிய சில கதைகள் நிஜமில்லை, மாற்றினால் நல்லதுன்னு கேட்டார், அவ்வளவுதான். சிக்கனமே தெரியாதவர்கள்னு புத்தகம் பழித்த பழைய வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேருக்கு, அவர்கள் அன்பானவர்கள், நேர்மையானவர்கள்னு கைப்பட ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கேஸ்கலுக்கு எழுதின கடிதத்தில் தான் கொஞ்சம் கிறுக்கன்தான்னு ஒத்துக்கொண்டார். ஊரோடு ஒத்துப்போகும் அமைதியான ஆளாக இருந்திருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் தனக்குப் பிறந்திருக்கவே மாட்டார்கள் என்ற அர்த்தத்தில் ஒரு வரியும் சேர்த்தார்.

1861 வரை வாழ்ந்தார். எந்த மருமகன் வேண்டாம்னு குதிச்சாரோ, அந்த நிக்கல்ஸ்தான் கடைசிவரை அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார். சார்லட்டின் கையெழுத்து வேணும்னு கேட்டு முன்பின் தெரியாத ரசிகர்கள் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரையும் ஏமாற்ற மனசு வராமல், மகள் தனக்கு எழுதின கடிதங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு அனுப்பிக்கொண்டிருந்தார் அந்த அப்பா.